சங்கிலிக் கக்கூசைத் திருத்துவதா, புதுக் கொமட் வைப்பதா?

அம்மம்மாவின் வீடு மட்டக்களப்புப் புளியந்தீவில் இருக்கிறது. வளவின் பின்பக்கம், குசினியிலிருந்து இருபத்தைந்து எட்டுத் தள்ளி, மாமரத்தின் கீழே ஓடு போட்ட தனிக் கக்கூஸ். உள்ளே தலைக்கு மேலே வார்ப்பிரும்புத் தொட்டி, அதிலிருந்து தொங்கும் சங்கிலி, கீழே நீல எழுத்தில் இங்கிலாந்து முத்திரை பதித்த வெள்ளைக் கொமட். 1978 புயலில் மாமரக் கொப்பு விழுந்து ஓடெல்லாம் நொறுங்கியபோதும் அந்தத் தொட்டி அசையவில்லை என்று அம்மா இன்னும் சொல்வார். அப்படிப்பட்ட தொட்டி போன வருடம் இடக்குப் பண்ணத் தொடங்கியது. நாலுதரம் இழுத்தால்தான் தண்ணீர் இறங்கும். நாலாவது இழுப்பின் சத்தம் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்.

வீடு என்னுடையதில்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குத்தான். அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கு வந்தது, அம்மாவிடமிருந்து தங்கச்சிக்குச் சீதனமாக எழுதியாயிற்று. தங்கச்சி இருப்பது லண்டனில், சாவி இருப்பது என்னிடம்.

"அண்ணா, அத ஒடச்சிப் போட்டுப் புதிசா ஒண்டு வைங்க. நான் காசு அனுப்புறன்" என்றாள்.

"ஒடைக்க என்ன மனே இருக்கு? இழுத்தா தண்ணி வருதுதானே. மறுகா பாப்பம்" என்றார் அம்மா.

'மறுகா' ஆறு மாதம் இழுபட்டது. அதற்குள் நான் ஹாட்வெயார் கடைகளிலும் இரண்டு பிளம்பர்மாரிடமும் கேட்டு, என் கையாலும் கழற்றிப் பார்த்துக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். புளியந்தீவிலும் கோட்டைமுனையிலும் இப்படியான பழைய கக்கூஸ் உள்ள வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டுக்காரருக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கக்கூஸ் என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது மூன்று சாமான்: மேலே தொட்டி, கீழே கொமட், மண்ணுக்குள் குழாயும் குழியும். கோளாறு எதில் என்று பார்க்காமல் திருத்துவதா மாற்றுவதா என்று சண்டை பிடித்தால் தீராது. எங்கள் வீட்டில் ஆறு மாதமும் நடந்தது அதுதான். தங்கச்சி பேசியது தொட்டியைப் பற்றி, உடைக்கச் சொன்னது கொமட்டை.

கொமட்டைச் சோதிப்பது லேசு. சந்தையில் மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே வேலைதான். விரல் முட்டியால் சுற்றிவரத் தட்டுங்கள். 'டங்' என்று கணீரென்றால் நல்லது, 'டொக்' என்று அடைத்த சத்தம் வந்தால் எங்கோ வெடிப்பு. அப்புறம் உட்பக்கத்தைத் துணியால் துடைத்துக் காயவிட்டு, ஒரு சொட்டு மையை விட்டுத் துடைத்துப் பாருங்கள். மை முழுதாகப் போனால் மினுக்குப் பூச்சு உயிரோடு இருக்கிறது. சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகளில் மை தங்கினால் பூச்சு வெடித்துவிட்டது. பழைய கொமட்டுகளில் சில சுட்ட மண்ணின் மேல் பூச்சுப் பூசியவை. அவற்றின் பூச்சு வெடித்தால் உள்மண் ஈரத்தை உறிஞ்சும். எவ்வளவு கழுவினாலும் நாற்றம் போகாது. அதற்கு மருந்தில்லை, மாற்றத்தான் வேண்டும். தண்ணீர் நிற்கும் மட்டத்துக்குக் கீழே வெடிப்பு என்றாலும் அப்படித்தான். ஒட்டுப் பசை பூசி நாலு மாதம் ஓட்டலாம், ஐந்தாம் மாதம் நிலம் நனையும். எங்கள் கொமட் இரண்டு சோதனையிலும் தேறியது. அடியில் மட்டும் தேயிலைச் சாயம் போல மண்ணிறப் படிவு. எத்தனையோ வருடக் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு அது. தண்ணீரை இறைத்துவிட்டு, வினாகிரியில் நனைத்த துணியை இரவு முழுக்கப் போட்டு வைத்து, காலையில் மரத்துண்டால் சுரண்டினேன். மூன்று இரவு பிடித்தது. அசிட் ஊற்றினால் ஒரு மணித்தியாலத்தில் முடிந்திருக்கும், ஆனால் பழைய சிமெந்து இணைப்பையும் அது தின்னும். வேறு வழியில்லாமல் அசிட் ஊற்றுகிறவர்கள் அதே நாளில் பிளீச் பவுடரைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் கிளம்புகிற குளோரின் வாயு சின்ன அறைக்குள் ஆளையே சாய்த்துவிடும்.

இனித் தொட்டி. கதை இதில்தான் இருக்கிறது.

ஏணி வைத்து ஏறி மூடியைத் திறந்தபோது உள்ளே இருந்தது ஓர் இரும்பு மணி. கோயில் மணியைக் கவிழ்த்து வைத்தது போல, நடுவில் நிற்கும் குழாயை மூடிக்கொண்டு இருக்கும். சங்கிலியை இழுத்தால் மணி மேலே எழும்பும், விட்டால் சொந்தப் பாரத்தில் கீழே விழும். விழுகிற வேகத்தில் மணிக்குள் இருக்கும் தண்ணீர் நடுக்குழாயின் வாய்க்கு மேலே தள்ளப்பட்டு உள்ளே பாயும். பாய்ச்சல் ஒருமுறை தொடங்கினால் சைபன் முறையில் முழுத் தொட்டியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பெற்றோல் தாங்கியில் குழாய் விட்டு வாயால் உறிஞ்சி எடுப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான். பிந்திய காலத்துத் தொட்டிகளில் மணிக்குப் பதிலாக ஒரு தட்டும் அதன்மேல் மெல்லிய ரப்பரும் இருக்கும். அந்த வகை நாலுதரம் இழுக்க வைத்தால் கிழிந்திருப்பது பெரும்பாலும் அந்த ரப்பர்தான், அதை மட்டும் மாற்றினால் போதும்.

எங்களுடையதில் கிழிய ஒன்றுமில்லை. பிறகு ஏன் நாலு இழுப்பு? தண்ணீர் மட்டம் இருக்க வேண்டிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே நின்றது. முன்னைய தண்ணீர்க் கோடு இரும்பில் தெளிவாகத் தெரிந்தது. தண்ணீரில் மிதந்து எழும்பி வால்வை மூடும் செம்புப் பந்தின் கம்பியை யாரோ கீழ்நோக்கி வளைத்திருந்தார்கள். யார் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

"ஒங்கட அப்பாதான். வெளிக் கொழாயால தண்ணி சொட்டுது எண்டு ஒருநாள் ஏறி ஏதோ செஞ்சார்."

அப்பா போய்ப் பன்னிரண்டு வருடமாகிறது. பித்தளை வால்வின் வோசர் தேய்ந்து தண்ணீர் முழுதாக நிற்காமல் போயிருக்கிறது. வோசரை மாற்றாமல் அவர் கம்பியை வளைத்துவிட்டார். சொட்டு நின்றது. மட்டமும் இறங்கியது. அதோடு தொட்டியின் அடிக்குழியில் கறள் மண்டி மணியின் விளிம்பை அடைத்துக்கொண்டு வர, இழுப்பு இரண்டாகி, மூன்றாகி, நாலாகியது. இன்னொன்று: மேலதிகத் தண்ணீர் வெளியே போகும் சின்னக் குழாய் அத்தனை வருடமும் காய்ந்தே கிடந்ததால் அதற்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைப் பார்க்காமல் நான் மட்டத்தை மட்டும் உயர்த்தியிருந்தால் மிச்சத் தண்ணீர் வெளியே சொட்டிக் காட்ட வழி இருந்திருக்காது.

திருத்த வேலை இதுதான்: தண்ணீரைப் பூட்டி, தொட்டியை வெறுமையாக்கி, வால்வின் பின்னைக் கழற்றி உள்ளிருக்கும் உருளையை வெளியே எடுத்து வோசர் மாற்றினோம். வோசரின் விலை ஒரு பிளேன்ரீக்குக் கிட்ட. வோசர் உட்காரும் பித்தளை விளிம்பு குழி விழுந்திருந்தால் வோசர் மாற்றியும் பயனில்லை, முழு வால்வையும் மாற்ற வேண்டும். அதுவும் சிரமமில்லை, அரை அங்குல மரை அன்றும் இன்றும் ஒன்றுதான், எந்த ஹாட்வெயாரிலும் கிடைக்கும். செம்புப் பந்தைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தோம். உள்ளே தண்ணீர் சலசலத்தால் ஓட்டை. பிளாஸ்டிக் பந்து மாட்டலாம். எங்களுடையது சத்தம் போடவில்லை. கம்பியை நிமிர்த்தி, குளவிக் கூட்டைக் குத்தி எடுத்து, அடியில் இருந்து ஒரு சுண்டு கறள் அள்ளினோம். காய்ந்த பிறகு உள்ளே கறுப்புத் தார்ப் பெயின்ட். வெளிப்புறத்துப் பழைய பெயின்டை மட்டும் உலர உரஞ்சவில்லை. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கும், தூளாகப் பறக்க விடக்கூடாது, நனைத்து உரஞ்சினோம். கொமட்டோடு குழாய் சேரும் இடத்தில் யாரோ சைக்கிள் டியூப்பை வெட்டிச் செம்புக் கம்பியால் கட்டியிருந்தார்கள். அது விறைத்து வெடித்திருந்தது. புது ரப்பர்க் கூம்பு வைத்தோம். மொத்தம் பிளம்பருக்கு ஒன்றரை நாள் கூலி. அவர் வயதான மனிதர், மணித் தொட்டியைக் கடைசியாகத் தொட்டு இருபது வருடம் இருக்கும் என்றார். பாதி நேரம் சிரித்துக்கொண்டே வேலை செய்தார்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டியது தொட்டியைத் தாங்கும் இரண்டு இரும்புக் கொடுக்கை. தண்ணீர் நிறைந்த வார்ப்பிரும்புத் தொட்டி விழுந்தால் கீழே இருப்பவர் எழும்பமாட்டார். வாவிக் காற்றும் கடல் காற்றும் அடிக்கிற ஊரில் இரும்பு உள்ளுக்குள்ளேயே உரியும். கொடுக்கையைச் சுத்தியலால் தட்டி, பொருக்குப் பொருக்காகக் கழன்றால், அல்லது சுவரில் அது புதைந்த இடம் ஆடினால், வேறு யோசனை வேண்டாம்: தொட்டியை இறக்குங்கள். அதை மறுபடி ஏற்றுவதா என்பது வேறு கணக்கு.

இரண்டாவது வழி பலர் எடுப்பது: பழைய கொமட்டை விட்டுவிட்டு மேலே புதுப் பிளாஸ்டிக் தொட்டி மாட்டுவது. பார்க்க மலிவு. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. பழைய கொமட் இரண்டு கலன், அதாவது 9 லீட்டர் தண்ணீர், ஆறடி உயரத்திலிருந்து இறங்கி அடிப்பதற்கென்று செய்தது. புதுத் தொட்டி விடுவது 6 லீட்டர், அதுவும் பெரும்பாலும் இடுப்பு உயரத்திலிருந்து. அந்த வேகத்தில் பழைய வளைவைத் தாண்டிக் கழிவு போகாது. இரண்டாம் தரம் அமத்துவீர்கள். 6-உம் 6-உம் 12. மிச்சம் பிடிக்கப் போய்ச் செலவு கூடியதுதான் கண்ட பலன். பழைய தொட்டிக்குள் செங்கல்லோ தண்ணீர்ப் போத்தலோ போட்டு அளவைக் குறைக்கச் சொல்கிற யோசனையும் இதே சாதி. மணித் தொட்டியில் அது மணியிலும் முட்டும். சலத்துக்குச் சங்கிலி இழுக்காமல் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றினால் அதைவிட மிச்சம். அது எங்கள் வீட்டில் ஏற்கெனவே உள்ள பழக்கம்.

முழுதாக மாற்றுவதில் நியாயம் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை. பெரிய நியாயம் தண்ணீர். நாலு பேர் உள்ள வீட்டில் ஒரு நாளைக்குப் பதினாறு தரம் என்று வைப்போம். பழையதில் ஒவ்வொரு தரமும் 9 லீட்டர், 144 லீட்டர். 6-க்கும் 3-க்கும் இரண்டு பொத்தான் உள்ள புதியதில் நாலு தரம் முழுசு, பன்னிரண்டு தரம் அரை என்றால் 60 லீட்டர். வித்தியாசம் நாளுக்கு 84 லீட்டர், மாதத்துக்கு இரண்டரை யூனிட் (ஒரு யூனிட் 1000 லீட்டர்). நீர் வழங்கல் சபை பில்லில் யூனிட் ஏற ஏற ஒரு யூனிட்டின் விலையும் ஏறும் என்பதால் இது சில்லறையில்லை. கோப்பையால் ஊற்றுகிற வீட்டில் இந்த வித்தியாசம் கரைந்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஆனால் கணக்கின் மற்றப் பக்கத்தை யாரும் சொல்வதில்லை. சைபன் தொட்டிக்கு அடியில் வால்வே கிடையாது. மேலே ஏறி வளைந்துதான் தண்ணீர் இறங்க முடியும் என்பதால் சும்மா இருக்கும்போது கொமட்டுக்குள் ஒழுகாது. வோசர் தேய்ந்தாலும் மிச்சத் தண்ணீர் சுவருக்கு வெளியே சொட்டும், கண்ணில் படும். பிரித்தானியாவில் சைபன் அல்லாத தொட்டிகளை 2001 வரை விதிகள் அனுமதிக்காததும் இதனால்தான். அந்தக் காலத்து ஆட்கள் தொட்டிக்கு வைத்த பெயரே தண்ணீர் வீண்போகாமல் தடுப்பது என்ற பொருளில்தான். பொத்தான் தொட்டியில் அடியில் ஒரு ரப்பர் மூடி. அதில் ஒரு மணல் துணிக்கை சிக்கினாலும் தண்ணீர் சத்தமில்லாமல் கொமட்டுக்குள் வழியும். நிமிடத்துக்கு 200 மில்லிலீட்டர், ஒரு சின்னக் கிளாஸ், வழிந்தால் நாளுக்கு 288 லீட்டர், மாதத்துக்கு எட்டரை யூனிட்டுக்கு மேல். புதுசு வைத்து மிச்சம் பிடித்ததைப் போல மூன்று மடங்கு போயிற்று. சோதிக்க வழி உண்டு: வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் தொட்டியில் கரைத்து, பொத்தானைத் தொடாமல் அரை மணித்தியாலம் விடுங்கள். கொமட்டில் நீலம் வந்தால் ஒழுகுகிறது.

அடுத்தது உடைப்பு. கடையில் அழகாக நிற்கும் கொமட் எங்கள் நிலத்தில் அப்படியே உட்காராது. எங்கள் பழையதன் வாய் பின்சுவரால் வெளியே போகிறது, பி ட்ராப். கடையில் அதிகம் இருப்பவை நிலத்துக்குள் இறங்கும் எஸ் ட்ராப், சுவரிலிருந்து 9 அல்லது 12 அங்குலத்தில் துளை கேட்கும். பி ட்ராப் கேட்டு வாங்கலாம், உயரம் பொருந்துகிறதா என்று அளந்துகொண்டு போகவேண்டும். பழையது சிமெந்தில் இறுகியிருப்பதால் முழுசாகக் கழன்று வராது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உடைக்கும்போது பின்னால் உள்ள பழைய சுடுமண் குழாயின் வாயும் சேர்ந்து போவது வழக்கம். பிறகு அதோடு பிவிசி குழாயைச் சிமெந்து அப்பி ஒட்டுவார்கள். மணல் நிலம் அசையும்போது அந்த ஒட்டு விடும். ஒரு நாள் வேலை என்று சொல்லி வந்தவர்கள் ஒரு கிழமை நிற்பது இப்படித்தான்.

குழியைப் பற்றி ஒரு வார்த்தை. மாரியில் நிலத்தடி நீர் மேலே வந்து குழி உறிஞ்சாமல் நிற்கும்போது, எந்தக் கொமட் வைத்தாலும் தண்ணீர் 'குளுக்' என்றுதான் நிற்கும். கார்த்திகையில் மட்டும் வருகிற கோளாறு என்றால் கொமட்டைத் தொடாதீர்கள், குழியை இறைக்கும் பவுசரைக் கூப்பிடுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் முடிவெடுத்தது தொட்டியும் இல்லை, யூனிட்டும் இல்லை, அம்மாவின் முழங்கால். பழைய கொமட் உயரத்தில் புதியதைவிடக் குறைவில்லை, அளந்து பார்த்தேன், இரண்டும் பதினாறு அங்குலத்துக்குக் கிட்ட. பிரச்சினை அந்த இருபத்தைந்து எட்டு. மாரி இரவில், கரண்ட் போன நேரத்தில், பாசி பிடித்த முற்றத்தால் எழுபத்தாறு வயது மனுசி நடந்து போவதை எந்தத் திருத்தமும் சரிசெய்யாது. தங்கச்சி சொன்ன புதுக் கொமட் அங்கே வேண்டியதில்லை, அம்மாவின் அறையை ஒட்டித்தான் வேண்டும். சாமான் அறையாகக் கிடந்த மூலையில் அதை வைத்தோம், பக்கத்தில் பிடித்து எழும்பச் சுவரை ஊடுருவி ஆணி இறுக்கிய ஒரு கைபிடி. அந்தக் காசு லண்டன் காசு. பின்வளவுத் திருத்தம் என் காசு. பழையதை உடைக்கவில்லை என்று தங்கச்சிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்.

எட்டு மாதம் கழித்துத் தண்ணீர் பில் எகிறியது. "நான் அப்பவே சொன்னன், அந்தப் பழைய சாமான்தான்" என்று தங்கச்சி குரல் அனுப்பினாள். நான் பின்வளவுக்குப் போய் வெளிக் குழாயைப் பார்த்தேன். காய்ந்து கிடந்தது. திரும்பி வந்து உள்ளே இருக்கும் புதுத் தொட்டியைத் திறந்து நீலம் கரைத்துவிட்டு, அம்மாவோடு பிளேன்ரீ குடித்தேன். குடித்து முடித்துப் போய்ப் பார்த்தபோது புதுக் கொமட்டுக்குள் தண்ணீர் வாவி மாதிரி நீலமாக நின்றது. படம் பிடித்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, பதில் வரவில்லை.